லாரியில் இடமில்லாத நிழல்

பேருந்து நிழற்குடையைத் திறந்துவைக்க அண்ணன் வருகிறார் என்று ஏரிக்கோடித் தெருமுனையில் தென்னை மரத்தைவிட உயரமாக நிறுத்தியிருந்த அண்ணனின் கட்அவுட்டை, அண்ணன் வந்து, ரிப்பன் வெட்டி, இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போன மறுநாள் காலையில் ஆட்கள் அவிழ்த்து லாரியில் படுக்கப்போட்டு அடுத்த ஊர் விழாவுக்குக் கொண்டுபோனார்கள். நிழலை மட்டும் எடுத்துப்போகவில்லை. அது தெருவில் காலை ஊன்றி, பவுனம்மாளின் வேலியைத் தாண்டி, அவளுடைய கீரைப் பாத்திகளின் மேல் மார்பையும் தோளையும் கிடத்தி, கிணற்றடியில் தலையைச் சாய்த்து, கும்பலைப் பார்த்து ஆட்டுவதற்குத் தூக்கிய வலது கையை மல்லிகைச் செடிகளின் மேல் நீட்டி, விழா நாளன்று காலை பத்து மணிக்கு எப்படி விழுந்ததோ அப்படியே கிடந்தது. இத்தனைக்கும் திறந்துவைத்த நிழற்குடைக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கூரை போட்டிருந்தார்கள், அதற்குள் நின்றால் மண்டை பிளக்கும், பஸ்ஸுக்கு வருகிறவர்கள் அதற்கு வெளியே புளியமரத்தடியில்தான் நின்றார்கள்.

பவுனம்மாள் அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் ஒன்றுமில்லை. வெயிலில் கண் கூசியது. குனிந்து பார்த்தால் அவள் கை இருட்டாக இருந்தது.

அவளுக்கு இருந்ததெல்லாம் வீட்டையொட்டிய அந்த ஐந்து சென்ட் நிலமும் அதன் மேல் விழும் வெயிலும்தான். புருஷன் அர்ச்சுனன் லோடு ஆட்டோ ஓட்டினான், ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது கீரை. காலை வெயில் எங்கே முதலில் விழும், உச்சி வெயில் எங்கே நின்று அடிக்கும், தையில் தெற்கே சாய்ந்திருந்த சூரியன் வைகாசியில் எவ்வளவு தூரம் நகர்ந்து வரும் என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து, நாள் முழுக்க வெயில் கேட்கிற அரைக்கீரையையும் வெண்டையையும் நடுவிலும், கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் கனகாம்பரத்தை வேலியோரத்திலும், குளிர்ச்சி கேட்கும் புதினாவைக் கிணற்றுத் தொட்டிக்குப் பக்கத்திலும் வைத்திருந்தாள். செடிக்குத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றலாம், எருவைக் கொண்டுபோய்ப் போடலாம், வெயிலை எந்தக் குடத்தில் கொண்டுபோவது?

கட்அவுட்டை நிறுத்தியவன் கட்சியின் வட்டச் செயலாளர் துரைக்கண்ணு. பவுனம்மாள் அவன் வீட்டுக்கே போனாள்.

"தம்பி, கட்அவுட்ட எடுத்துக்கினு போனீங்க. நெழல எப்ப எடுப்பீங்க?"

"லாரில எடம் இல்லக்கா" என்றான் துரைக்கண்ணு.

"அப்ப அடுத்த லாரில எடு."

"அது அந்த ஊருக்கு அனுப்பின கட்அவுட்டோட நெழலு. அங்க புதுசா ஒண்ணு உழுந்திருக்கும். இதக் கொண்டும்போய் எங்க வக்கிறது? கொஞ்ச நாள் பாருக்கா, தானா காஞ்சிரும்."

தானாகக் காயவில்லை. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், கட்அவுட் வைக்க அனுமதி கொடுத்திருந்ததாகவும் அது சொன்ன நாளில் அகற்றப்பட்டுவிட்டதாகவும், பொருள் இல்லாத இடத்தில் நிழல் இருப்பதாக அவரால் எடுத்துக்கொள்ள முடியாது என்றும் சொல்லிவிட்டு, அந்த நிழலிலேயே வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட வேகத்தைச் சொன்னால் நமக்குத்தான் வெட்கம். மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறியதும் டீக்கடை பெஞ்சு நிழலின் இடுப்புக்கு நகர்ந்தது, ஆட்டோ ஸ்டாண்டு முழங்காலுக்கு வந்தது, நாய்கள் தொடையில் படுத்தன, சீட்டாடுகிறவர்கள் இரண்டு கால்களுக்கும் நடுவே வெயில் விழுகிற சந்தைத் தவிர்த்துவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு ரோஸ்லின் டீச்சர் சாயங்கால டியூஷனை மாடியிலிருந்து இறக்கிப் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். துரைக்கண்ணு ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு நிழலைக் கடந்தான், மறுநாள் அவனோடு இருக்கிற நாலு பேர் கழற்றினார்கள், அந்த மாதமே சைக்கிளில் வருகிறவர்களும் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவுமில்லை. வெளியூர்க்காரர்கள் மட்டும், இது யாருடைய நிழல் என்று கேட்டார்கள். அதைக்கூட ஒரு கேள்வி என்று கேட்கிறார்களே என்று ஊர் சிரித்தது.

பவுனம்மாள் வாய் திறந்தால் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். நிழலின் அருமை வெயிலில்தானே தெரியும் என்றார்கள். காசு கொடுத்து ஏசி வாங்கி மாட்டுகிறான், உனக்குச் சும்மா கிடைத்திருக்கிறது, கசக்கிறதா என்றார்கள். தலையே உன் வீட்டுக் கிணற்றடியில் வந்து விழுந்திருக்கிறதே, கொடுத்து வைத்தவள் என்றாள் ஒருத்தி. சொன்னவள் வீட்டுத் துணி எதிர்ச் சாரியில் நல்ல வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அரைக்கீரை வெளுத்தது. தண்டு நூலாக நீண்டு, வெயில் எங்கே எங்கே என்று தேடி, கழுத்து தாங்காமல் மண்ணில் சாய்ந்தது. வெண்டையில் பூ வந்தது, பூவோடு உதிர்ந்தது. மல்லிகை இலையாகப் போட்டதே தவிர ஒரு மொட்டு வைக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் போக முடியாமல் அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊரோட ஒத்துப் போ பவுனு" என்றான் அர்ச்சுனன். "நெழல்ல எது வருமோ அத வையி. உனுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் அவளுடைய கஷ்டம். தெரியாதவளாக இருந்திருந்தால் கத்திக் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருப்பாள். தெரிந்தவளாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். நிழலின் மார்பில் மஞ்சளும் இஞ்சியும் வைத்தாள், தோளில் சேம்பு வைத்தாள், கழுத்தோரம் கற்பூரவல்லி. தங்கச்சி ஊரிலிருந்து வெற்றிலைக் கொடி வாங்கி வந்து, அண்ணனின் முகம் கிடந்த கிணற்றடியில் அகத்தியை நட்டு அதன் மேல் ஏற்றினாள். தூக்கிய கைக்கும் தலைக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு துண்டு வெயில் விழுந்தது, முறத்தை விட நாலைந்து மடங்கு இருக்கும், அவ்வளவுதான், அதில் சிறுகீரை விதைத்தாள். அந்தத் துண்டு வெயிலைத்தான் அவள் காலையில் எழுந்ததும் போய்ப் பார்த்தாள். முடி காயவைப்பதும் அங்கேதான், அரிசி புடைப்பதும் அங்கேதான், கோபம் வந்தால் போய் நிற்பதும் அங்கேதான்.

வெற்றிலை வந்தது. சும்மா வரவில்லை, அகத்தியைச் சுற்றிக்கொண்டு கிண்ணம் கிண்ணமாக, கரும்பச்சையாக, கிள்ளினால் மணக்கும்படி வந்தது. அவள் தினம் இரண்டு வேளை மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஈரம் கூடினால் வடித்து, குறைந்தால் தெளித்து, கொடி சரிந்தால் நாணல் கிழித்துக் கட்டி வளர்த்தது அது. ஊர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து என்ன சொன்னது தெரியுமா?

"அண்ணன் நெழலு பட்டா பட்ட மரமும் துளுக்கும்."

துரைக்கண்ணு வந்து ஒரு கவுளி வெற்றிலை எடுத்துக்கொண்டான். வெள்ளித் தட்டில் அடுக்கிச் சென்னைக்குக் கொண்டுபோய் அண்ணனிடமே கொடுத்து, உங்கள் நிழலில் விளைந்தது என்று சொல்லிப் படமும் எடுத்துக்கொண்டு வந்தான். பவுனம்மாளின் பேர் அதில் எங்கேயும் வரவில்லை. வரவில்லை என்பதல்ல அவளுக்கு எரிந்தது. கழுத்தில் மிதித்தவன் காலுக்கு அடியிலும் மூச்சுவிடக் கற்றுக்கொண்டால், மூச்சு கொடுத்ததே நான்தான் என்கிறான், கேட்கிறவனும் தலையாட்டுகிறான், இதைவிட அநியாயம் உண்டா? அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

புரட்டாசியில் அண்ணனின் பிறந்தநாள் வந்தது. எல்லா ஊரிலும் கட்அவுட்டுக்குப் பாலூற்றுவார்கள். ஏரிக்கோடியில் கட்அவுட் இல்லை, ஆகவே நிழலுக்கு ஊற்றினார்கள். குடம் குடமாக, தெருவில் காலில் தொடங்கி, மேளத்தோடு அவள் வேலிப் படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, இஞ்சிப் பாத்தியை மிதித்துக்கொண்டு தலை வரைக்கும் ஊற்றினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் நிழல் வளர்ந்திருந்தது. தலை கிணற்றைத் தாண்டி அடுத்த சுவரில் ஏறியிருந்தது. கை பருத்திருந்தது. கைக்கும் தலைக்கும் நடுவில் இருந்த முக்கோணம் மூடிப்போயிருந்தது.

ஊர் மகிழ்ந்தது. அண்ணன் வளர்கிறார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

பவுனம்மாள் சிறுகீரைப் பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து, முதலில் அழுதாள். அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். ஊற்றினால் வளர்கிறது என்றால் அதுவும் ஒரு செடிதான். செடி என்றால் அதற்கும் ஏற்ற இடம் ஏற்காத இடம் என்று இருக்கும். நிழல் எங்கே வளரும்? வெயில் அடிக்கிற இடத்தில்தான் வளரும். உச்சி வெயிலில்தான் அது கறுப்பாகத் திடமாகக் கிடக்கிறது, மழை மூட்டம் போட்ட நாளில் சோர்ந்து கிடக்கிறது, அதை அவளே பார்த்திருக்கிறாள். அப்படியானால் அவளுடைய அரைக்கீரைக்கு எது எமனோ அதுதான் இதற்கும் எமன். இதைக் கண்டுபிடித்த பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. அர்ச்சுனனிடம்கூடச் சொல்லவில்லை. அவன் நல்லவன், ஆனால் ஊரோடு ஒத்துப்போகிறவன்.

பங்குனியில், துரைக்கண்ணு மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து சொன்னான், அண்ணன் தன் நிழலைப் பார்க்க நேரில் வருகிறார், சித்திரையில் பெரிய விழா.

"சித்திரையிலயா?" என்றாள் பவுனம்மாள். "அந்த வெயில்ல அண்ணன நிக்க வப்பியா?"

"அதான் நெழலு கீதேக்கா."

"அவரு நெழல்ல அவரே நிக்கிறதா? அவரு நெழல அவரே மிதிக்கிறதா? நல்லாக் கீதா அது?"

துரைக்கண்ணு இதை யோசித்திருக்கவில்லை. யோசித்ததும் அவனுக்கு வேர்த்தது.

"பந்தல் போடு தம்பி. கால்லேர்ந்து தல வரைக்கும் முழுசாப் போடு. அகலமாப் போடு, காத்தாலயும் சாயங்காலமும் சைடுல வெயில் அடிக்குமே, சுத்தியும் தட்டி கட்டு. கீத்து ரெண்டு அடுக்கு வேயி. எங்க வெத்தலைக்கும் நல்லது."

"உனுக்கு இவ்ளோ பாசம்னு தெரியாதுக்கா" என்றான் அவன். அவன் கண் கலங்கியதைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

பந்தல் எழும்பியது. அவள் தோட்டத்தையும் தெருவையும் சேர்த்து, கிணற்றை மூடி, சுவரைத் தாண்டி, இரண்டு அடுக்குக் கீற்றோடு எழும்பியது. முதல் சில நாள் அவள் பந்தல் கீற்றில் விட்டுப்போன ஓட்டைகளைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஓட்டை வழியாக வெயில் இறங்கினாலும் தரையில் பொட்டு விழவில்லை, நிழல் இன்னும் உயிரோடு இருந்து அதைக் குடித்துவிட்டது. அண்ணன் வருகிற தேதி வந்தது. அண்ணன் வரவில்லை. தள்ளிப்போட்டார்கள். தலைவர்கள் விழாவைத் தள்ளிப்போடுவது நாட்டுக்கு நல்லது என்று அவள் வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தாள். இன்னொரு தேதி சொன்னார்கள், அதையும் தள்ளிப்போட்டார்கள். பந்தல் நின்றது. ஒருநாள் மத்தியானம் இஞ்சிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அவள் புறங்கையில் ஒரு வெயில் பொட்டு விழுந்தது. மங்கலாக, வெளுத்துப்போய் விழுந்தது. மறுநாள் அது பளிச்சென்று இருந்தது. அதற்கடுத்த நாள் பந்தலுக்குள் தரையெங்கும் சின்னச் சின்னதாகப் பொட்டுகள். அவள் வெளியே வந்து முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். டீக்கடைக்காரர், அண்ணன் வரவில்லையே என்று பவுனம்மா அழுகிறாள் என்று எல்லோரிடமும் சொன்னார்.

கடைசியில் அண்ணன் வந்தார், கத்திரி வெயிலில். பந்தலுக்குள் நின்று சுற்றிலும் பார்த்து, எங்கே என்றார். துரைக்கண்ணு கை காட்டினான், அவன் காட்டிய இடமெல்லாம் பந்தல் நிழல்தான் இருந்தது. கீற்றைப் பிரித்துக் காட்டுங்கள் என்றார் அண்ணன். ஆட்கள் ஏறிப் பிரித்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்த வெயில் மொத்தமாக இறங்கியது. வெறும் தரை. தெருப் புழுதியும், மஞ்சள் செடியும், மிதிபட்ட இஞ்சியும் கண் கூசும்படி தெரிந்தன. அண்ணன் துரைக்கண்ணுவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காரில் ஏறினார், கதவைச் சாத்தும்போது பலமாகச் சாத்தினார்.

அந்த வாரமே வெற்றிலை கருகியது. அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தாள், ஆனாலும் கையால் கட்டி ஏற்றிய கொடி ஓரம் சுருண்டு, காகிதமாகி, தொட்டால் நொறுங்கியபோது அவள் ஒவ்வொரு அகத்தியாகப் போய் நின்று பார்த்தாள். சேம்பு மடங்கியது. இஞ்சி இலை பழுத்துச் சாய்ந்தது. ஊர், பாவம் பவுனம்மா, அண்ணன் கோபித்துக்கொண்டார் அல்லவா, இனி எது விளையும் என்றது. அவள் காய்ந்ததையெல்லாம் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் வெறும் பாத்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நடு மண்டை சுட்டது. சுடட்டும் என்று இருந்தாள்.

ஆனி முடிவதற்குள் துரைக்கண்ணு ஆட்களோடும் கடப்பாரையோடும் வந்தான். அண்ணனைச் சமாதானப்படுத்தப் புதிதாக ஒரு கட்அவுட், பழையதைவிட ஒன்றரை மடங்கு. தெருமுனை பத்தாது, ஆகவே கால் ஊன்ற அவள் நிலத்தின் மூலையில் நாலு குழி. அவளைக் கேட்காமலே அவன் ஆட்கள் வேலிக்குள் இறங்கி, இடுப்பளவு ஆழத்துக்கு நாலையும் தோண்டிவிட்டார்கள்.

"கவலப்படாதக்கா" என்றான் துரைக்கண்ணு, உண்மையான பிரியத்தோடு. "இந்தத் தபா நெழலு தங்குற மாதிரி நல்லா ஆழமா ஊணப் போறோம். உன் வெத்தல திரும்ப வந்துரும்."

"உங்க ஊட்டாண்ட வையேன் தம்பி. உங்க ஊட்டு மேல உழட்டும் அந்த நெழலு."

"ஐயையோ, எங்க ஊட்ல முடியாதுக்கா. மாடியில சோலார் போட்டுக்கீறேன். அதுக்கு நல்ல வெயில் வேணும்."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, ஒரு விவரமாகச் சொன்னான். சொல்லிவிட்டு, லாரி வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று போனான். ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள்.

பவுனம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் குழியில் இறங்கினாள். இறங்கி நின்றாள். மண்ணின் ஈரம் கால் விரலில் ஏறியது, மேலே வெயில் தோளில் விழுந்தது. அர்ச்சுனன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஊரோடு ஒத்துப் போ என்று சொல்ல வாயைத் திறந்தவன், சோலார் சோலார் என்று இரண்டு தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றி வேலியில் போட்டு, இரண்டாவது குழியில் இறங்கினான். ரோஸ்லின் டீச்சர் குடையோடு வந்தார். ஒரு வருஷமாக அந்த நிழலின் இடுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு, செடிக்கு வெளிச்சம்தான் சோறு என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். குழிக்குள் நின்றவளைப் பார்த்தார், குடையை மடக்கினார், பவுனம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதில் மெதுவாக இறங்கினார். நாலாவது குழி காலியாகத்தான் கிடந்தது. ஒரே நாளில் ஊர் முழுக்கத் திருந்திவிட்டது என்றால் கதை என்றாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு நாய் மட்டும் அதில் இறங்கி மோந்து பார்த்துவிட்டு ஏறிப்போனது.

லாரி வந்தது. அதில் அண்ணன் மல்லாந்து கிடந்தார், இன்னும் நிழல் இல்லாமல். துரைக்கண்ணு வேலியைப் பிடித்துக்கொண்டு குழிகளைப் பார்த்தான்.

"இன்னாக்கா இது? ஏறி வாங்க. சாயங்காலத்துக்குள்ள நட்டாவணும்."

"நட்டாச்சி" என்றாள் பவுனம்மாள். "நாங்க வெயில்ல வளர்ற செடிங்க, தொரக்கண்ணு. எங்களுக்கு எடம் இதான்."

அவன் கெஞ்சினான், மிரட்டினான், டீச்சர் நீங்களுமா என்றான், போன் போட்டான், எடுத்தவர்கள் நாளை பேசலாம் என்றார்கள். மூன்று பேரும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை, தண்ணீர் கேட்டபோது தெருவிலிருந்து யாரோ ஒரு செம்பு நீட்டினார்கள், யார் என்று துரைக்கண்ணு பார்ப்பதற்குள் கை வேலிக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. லாரிக்காரனுக்கு வேறு ஊருக்கு வாடகை இருந்தது. அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். பொழுது சாய்ந்த பிறகு மேலே ஏறிய பவுனம்மாள் காலைக் கழுவிக்கொண்டு, எருக்கூடையை எடுத்து வந்து நாலு குழியையும் பாதிக்குமேல் நிரப்பினாள். ஆடி பிறக்கப் போகிறது, பூசணிக்கு ஆழமான குழி நல்லது.